நூற்றுக்கு நூறு காலி அட்டை

"சார், மூணு பேரு மயங்கி விழுந்துட்டாங்க. நான்தான் மாத்திரையை மாத்திக் கொடுத்தேன்னு சொல்றாங்க. மருத்துவ அதிகாரிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலேன்னா என் வேலை போயிடும்."

அரசு மருந்தகத்தின் மருந்தாளுநர் அழவில்லை. சாவிக்கொத்தை மட்டும் பிசைந்துகொண்டிருந்தார். இலவச மருந்துத் திட்டத்தின் ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய உதவியாளருக்கும் பொறுமைக்குமோ ஏழாம் பொருத்தம். எதற்கெடுத்தாலும் கணக்குச் சொல்வதால் அலுவலகத்தில் அவள் பெயரே 'சதவீதம்'.

"வாய்ப்பே இல்ல சார்! நோயாளிங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதுல இந்த மருந்தகம்தான் முதல் இடம். நூத்துக்கு நூறு!"

"அதை எப்படிம்மா அளக்கறோம்?"

"காலி அட்டையைக் கொடுத்தாத்தான் அடுத்த மாச மாத்திரை. நான் கொண்டுவந்த விதிதான்" என்றாள் பெருமையாக.

"ஒருநாள்கூட மறக்காம சாப்பிடறவங்க எங்க வீட்டுல ஒருத்தருமில்ல. இங்க மட்டும் ஊரே சாப்பிடுதா?"

ஆய்வாளர் காலி அட்டைகள் கிடந்த பெட்டியைக் கவிழ்த்தார். பல அட்டைகளில் முதல் வரிசைகள் கசங்கி மங்கியிருந்தன. கடைசி வரிசையின் கிழிசல் மட்டும் பளபளப்பாக, ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கடைசி வரிசையெல்லாம் ஒரே மூச்சுல பிதுக்கினது. வாங்க, விழுந்தவங்களைப் பார்ப்போம்" என்றார்.

முதலில் விழுந்தவர் ஒரு தையல்காரர். மாத்திரை எங்கே என்று கேட்டதும் அவர் மனைவி பொத்தான் டப்பாவை நீட்டினார். உள்ளே உதிரி மாத்திரைகள், எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு.

"மறந்த நாள் மாத்திரை மிஞ்சுமில்லங்க? அட்டை காலியா இல்லேன்னா தரமாட்டாங்களே! அதான் மருந்து வாங்க வர்றதுக்கு முந்தின நாளே எல்லாத்தையும் பிதுக்கி இதுல போட்டுடுவோம். வீணாக்கக் கூடாதுன்னு முதல்ல இதைத்தான் சாப்பிடுவாரு."

"பிரஷர் மாத்திரை எது, சர்க்கரை மாத்திரை எது?"

மனைவி இரண்டு மாத்திரைகளை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி டப்பாவிலேயே போட்டார்.

சதவீதத்துக்கு முகம் செத்துப்போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை, வெட்டியவள் அவளேதான். மற்ற இரண்டு வீடுகளிலும் டப்பா இருந்தது.

சாயங்காலம் மருத்துவ அதிகாரியின் அறையில் ஆய்வாளர் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்தாள்.

"டப்பாவுல கலந்துபோனதால சர்க்கரை மாத்திரையை ரெண்டா சாப்பிட்டு விழுந்திருக்காங்க சார். மருந்தாளுநர் மேல தப்பே இல்ல. சாப்பிட்ட மாத்திரையை விட்டுட்டு நான் காலி அட்டையை அளந்துட்டேன். தப்பு என்னோடது."

மருந்தாளுநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

விதி மாறியது: மிச்சத்தோடு வாருங்கள், யாரும் திட்டமாட்டார்கள். அடுத்த மாதம் தையல்காரர் பதினோரு மாத்திரை மிஞ்சிய அட்டையைத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"ஏங்கய்யா விட்டீங்க?" என்றார் மருந்தாளுநர்.

"வயித்தைப் புரட்டுதும்மா."

"இதை அப்பவே சொல்லக்கூடாதா?"

"அப்ப யாரும் கேக்கலையே!"

அன்றே அவருக்கு மருந்தை மாற்றினார்கள். மாதக் கடைசியில் சதவீதம் பலகையில் அறுபத்திரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"நூறுல இருந்து அறுபத்திரண்டாம்மா?" என்றார் ஆய்வாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆமா சார். ஆனா மயங்கி விழுந்தவங்க ஒருத்தரும் இல்ல."