அப்பா செய்த ஹாட் ஏர் மெஷின்

அப்பா மகள் மிளகுக்குத் தர வேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய். "ரெண்டே நாள்ல தந்துடறேன்" என்று சொல்லி வாங்கியது. இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது.

அது பள்ளிச் சுற்றுலாவுக்கு அவள் சேர்த்த பணம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் டீச்சர் பேரை அடித்துவிடுவார். இன்று புதன்.

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, வாய் காரம். அதனால்தான் அந்தப் பேர்.

அப்பா வீட்டு முன்னறையில் செல்போன் பழுது பார்ப்பவர். போனுக்குள் இருக்கும் பொடிப்பொடிப் பாகங்களைக் கழற்ற, அவற்றை ஒட்டியிருக்கும் ஈயம் இளகும் அளவுக்குச் சூடான காற்றை ஊத வேண்டும். அதற்கு ஹாட் ஏர் மெஷின் என்று ஒன்று உண்டு. அப்பாவின் பழைய மெஷின் செத்துப்போனது. கடையில் புதியது நாலாயிரம்.

"நாலாயிரமா! ஆயிரத்துல நானே செஞ்சிடுவேன்" என்றார் அப்பா.

அன்றைக்குப் பிடித்தது தலைவலி.

மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப் வந்தது. அம்மா முடி காயவைக்கும் மெஷின் காணாமல் போனது. அதன் கம்பிச்சுருள் மட்டும் அப்பாவின் மேஜையில் கிடந்தது. பம்ப் போதவில்லை என்று இன்னொரு பம்ப். அதற்குப் போனதுதான் மிளகின் பணம்.

மெஷின் ஊதும். நன்றாகவே ஊதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் கைப்பிடி உருகி, வீடே நாறும். இன்றைக்கு உருகியது நாலாவது கைப்பிடி.

"இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?" என்று அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"மூவாயிரத்து எண்ணூறு."

"ஐயோ!"

"ஏன் கத்தறே? கடை விலைக்கு இன்னும் இருநூறு ரூபா லாபம்தானே!"

அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

வாசலில் நர்ஸ் அக்கா வந்து நின்றாள். "அண்ணே, சார்ஜ் ஏறாத என் போன் என்னாச்சு? பத்து நாளா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றீங்க. நாளைக்கும் தரலன்னா வேற கடைக்குக் கொண்டு போயிடுவேன்."

நர்ஸ் அக்காவும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை பணத்துக்கு எங்கே போவது? மிளகு அப்பாவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"போய்ப் படி" என்றார் அப்பா.

"மாட்டேன். இன்னொரு தடவை போடுங்க, பார்க்கறேன்."

அப்பா புதுக் கைப்பிடி மாட்டி சுவிட்சைப் போட்டார். காற்று சூடாக வந்தது. மிளகு கைப்பிடியையே பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்பா சுவிட்சை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் கிளம்பியது.

"அப்பா! ஊதறப்போ உருகல. அணைச்சப்புறம்தான் உருகுது!"

"அணைச்சப்புறம் எப்படிடீ உருகும்?"

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சா உடனே ஆறிடுதா? கம்பி கொதிச்சிட்டே இருக்கு. நீங்க காத்தையும் சேர்த்து நிறுத்திட்டீங்க. சூடு எங்க போகும்? பின்னாடி கைப்பிடிக்குத்தான் வரும்."

அப்பா உருகிய கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"காத்துக்குத் தனி சுவிட்ச் போட்டா சூட்டை முதல்ல அணைக்கலாம். ஆறினப்புறம் காத்தை நிறுத்தலாம்" என்றாள் மிளகு.

"முப்பது ரூபா மிச்சம்னு ஒரே சுவிட்சா போட்டுட்டேன்" என்று முனகினார் அப்பா.

"முப்பது ரூபாயா!" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு இழுப்பறையைக் குடைந்தார். பழைய சுவிட்ச் ஒன்று கிடைத்தது. கடைசிக் கைப்பிடியையும் மாட்டினார். ஊதினார். முதலில் சூட்டை அணைத்தார். காற்று மட்டும் ஓடியது; ஆறியதும் அதையும் நிறுத்தினார். சமையலறையிலிருந்து அம்மாவும் வந்துவிட, மூன்று பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

நாற்றமே இல்லை.

மறுநாள் மாலை நர்ஸ் அக்காவின் போன் சார்ஜ் ஏறியது. அவள் எழுநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள்.

"இதுல ஒரு நல்ல பம்ப் வாங்கினா..." என்று ஆரம்பித்தார் அப்பா.

அம்மாவும் மிளகும் சேர்ந்து முறைத்தார்கள்.

"சும்மா சொன்னேன்" என்று அப்பா அறுநூற்று நாற்பது ரூபாயை மிளகின் கையில் வைத்தார். "எண்ணிப் பார்த்துக்கோ."

மிளகு எண்ணினாள். அம்மாவும் வாங்கி ஒருமுறை எண்ணினாள். சரியாக இருந்தது.