இதயக்குறிக்குக் காத்திருக்கிறது

அரை கிலோ அரிசி வாங்குவதற்கே நாங்கள் பல்லைக் காட்டிக் கெஞ்ச வேண்டும். கைப்பேசியில் இருக்கும் பகிர்கடையில் ஒரு பொருளைத் தொட்டால் போதும், நம் உறவுவளையத்தில் இருக்கும் எல்லோருடைய திரையிலும் அது போய் நிற்கும். அவர்களில் ஒருவராவது இதயக்குறியை அழுத்தினால்தான் டிரோன் கிளம்பும். வேறு கடை எங்கும் கிடையாது. முதலில் இந்தப் பகிர்வு வசதியை விளையாட்டாகத்தான் சேர்த்தார்களாம். சொந்தபந்தம் பார்த்தால் விற்பனை கூடுகிறது என்று தெரிந்ததும் கட்டாயமாக்கிவிட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்!

அது மட்டுமா? இதயம் போட்டவருக்கு, டிரோன் இறங்கும் வீட்டு வாசல்வரை படம் தெரியும். பார்த்து மகிழ்வார்களாம்.

எங்களுக்கு அதுதான் எமன். வேறு சாதியில் ஜெபராஜைக் கட்டிக்கொண்டு, கோபியிலிருந்து தூத்துக்குடிக்கு ஓடிவந்தவள் நான். எங்கே இருந்தாலும் வெட்டுவேன் என்று சொன்ன அண்ணன் செங்கோடனும் என் வளையத்தில்தான் இருக்கிறான். இரத்தச் சோதனை வைத்துக் கட்டிய வளையம் அது, யாரையும் கழற்ற முடியாது, கட்டிய கணவனைச் சேர்க்கவும் முடியாது. ஆசிரமத்தில் வளர்ந்த ஜெபராஜுக்கோ உறவென்று ஒருவருமில்லை. அதனால் எங்கள் சாமான்களையெல்லாம் பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்கா தன் பெயரில் வாங்கித் தந்தாள். "இந்த வயசுல ஒனக்கு எதுக்குளா பால்மாவு?" என்று கேலி செய்துகொண்டே அவளுடைய அக்காமார்கள் இதயம் போட்டார்கள். அப்படியே காலம் ஓடியது.

அன்று பிற்பகல் என் கைக்குழந்தை பூவிழிக்கு மூச்சு இழுத்தது. திரையில் வந்த டாக்டர், விலா குழிவதைப் பார்த்ததும் பதறிவிட்டார். "உடனே மூச்சுமருந்து வையுங்க. மருந்து முழுசா ஏறுற வரைக்கும் கொழந்தைய எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க."

ஜைத்தூன் அக்கா ஓடிவந்து மருந்தைத் தொட்டாள். கடை மறுத்துவிட்டது. மருந்து என்றால் நோயாளியின் இரத்த உறவுக்குள் மட்டும்தான் பகிர வேண்டுமாம்.

"யக்கா, வேற வழியே இல்லியா?" என்றார் ஜெபராஜ்.

"இருந்தா சொல்ல மாட்டனா? புள்ள மொகம் நீலமாவுதுல்லா! ஏளா வெயினி, ஒம் பேருல அழுத்துளா!"

ஜெபராஜ் என் கையைப் பிடித்தார். "ஒங்கண்ணன் பாத்துருவான்."

"பாக்கட்டுமுங்க! நாம தப்பிச்சு, புள்ளையப் பொதைக்கறதா?"

அழுத்தினேன். அம்மா பார்த்தாள். பெரியப்பா பார்த்தார், சித்தி பார்த்தாள். ஒருவரும் இதயம் போடவில்லை. எல்லோருக்கும் செங்கோடனிடம் பயம். குரல்பதிவு அனுப்பிக் கெஞ்சினேன்: "அம்மா, இவ உம்பட பேத்திம்மா. மூச்சு நிக்கப் போவுது. ஒண்ணே ஒண்ணு போடும்மா, கால்ல உழுந்து கேக்கறேன்." அம்மா அதையும் கேட்டாள் என்று திரை சொன்னது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பூவிழி அழக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

சட்டென்று ஓர் இதயம் சிவந்தது. "வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் பெயரைப் படித்தேன்.

செங்கோடன்.

எங்கள் வாசலைப் பார்ப்பதற்காகவே போட்டிருக்கிறான். ஆனாலும் மருந்து வந்தது. முகமூடியை வைத்ததும் பூவிழியின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பாவி அவன், அவனால்தான் என் பிள்ளைக்கு உயிர் வந்தது. ஜெபராஜ் துணிகளைப் பையில் திணித்தார். பிறகு, இன்னும் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, பையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜைத்தூன் அக்கா கதவைத் தாழிட்டாள்.

கைப்பேசி மணி அடித்தது. அண்ணனும் அதே கடையில்தானே வாங்க வேண்டும்? அவனுடைய பகிர்வு எனக்கும் வந்தது.

'செங்கோடன், தூத்துக்குடிக்கு விரைவூர்திச் சீட்டு. உறவினர் ஒருவரின் இதயக்குறிக்குக் காத்திருக்கிறது.'

யாரும் அழுத்திவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும் என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுப்பதற்குள் இதயம் விழுந்துவிட்டது.

அம்மா போட்டிருந்தாள்.