பெரட்டு

ஒட்டுப்பால் நாற்றம். அதுதான் முதலில் வந்தது.

கோலின் மூக்கைச் சுளித்தான். பத்து காஜா ஊருக்கு அப்பால் இந்தத் தோட்டத்தை மூடி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உளி படாத ரப்பர் மரங்கள் கொடி சுற்றிக் காடாகிக் கிடக்கின்றன. பால் வெட்ட ஆளே இல்லாத இடத்தில், மரத்தில் கட்டிய மங்குக்குள் இறுகிப் புளித்துப்போன பாலின் வாடை எங்கிருந்து வரும்? இரண்டு ராத்திரி இரண்டு பகல் இலைதழைக்கு அடியில் குப்புறக் கிடந்து, மூத்திரத்தைக்கூடப் போத்தலில் பிடித்து வைத்தால் மூக்குக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மேட்டிலிருந்து பார்த்தால் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயம். பத்து வீடுகள், பாதிக்குக் கூரை இல்லை. அதற்குள் ஆயுதக்காரர்கள் ஐந்து பேர் பதுங்கியிருப்பதாகத் தகவல். எத்தனை பேர், எந்த வாசல், எந்த நேரம் என்று பார்த்துச் சொல்வதுதான் கோலினுக்கும் லூயிஸுக்கும் பட்டாளம் இட்ட வேலை; சுடுவதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். ஆனால் இரண்டு நாளாக அங்கே ஈ காக்கை இல்லை. பொறுமை போன லூயிஸ், விடிவதற்குள் கிட்டே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று தவழ்ந்து இறங்கிவிட்டான்.

லூயிஸ் வெறும் சார்ஜன் அல்ல, தங்கச்சி அகதாவின் புருஷன். அவளுக்கு இது ஒன்பதாவது மாதம். ஈப்போவில் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, அவர முழுசா கொண்டாந்து விட்டுடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். அது போதும், கோலினின் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைக்க.

கால் மணிக்கு ஒருமுறை ரேடியோவில் ஒருவர் மற்றவரைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். பதிலுக்கு மலாய் மொழியில் ஒரு சொல் உண்டு. இவர்கள் இருவர் மட்டும் "இருக்கேன்யா" என்பார்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி பேர் வாசித்துக் குறிக்கும்போது சொன்ன பதில் அது. நேற்றுகூட லூயிஸ் அதை வைத்துக் கிண்டலடித்தான். "பெரட்டுல பதில் சொல்லிட்டா அவ்ளோதான் மச்சான். ஆள் தோட்டத்துக்குச் சொந்தம். செத்தாலும் பால நிறுத்துக் கொடுத்துட்டுத்தான் சாவணும் லா."

டங்.

இரும்பில் இரும்பு, பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட அடிப்பது போல. லயத்துப் பக்கமிருந்து. இன்னொரு முறை, டங். கோலின் தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்தினான். பனி மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தது.

காதுக்குள் ரேடியோ கரகரத்தது.

"கோலின்."

தாழ்ந்த குரல், அவசரமில்லாத குரல். லூயிஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது.

"இருக்கேன்யா," என்றான் கோலின்.

மறுபக்கத்திலிருந்து தாளில் பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

இரண்டு நிமிஷம் கழித்து மூச்சு வாங்கும் சத்தம். "மச்சான், ரேடியோ தண்ணில நனைஞ்சி செத்துப்போச்சு. இப்பத்தான் உயிர் வந்துச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?"

"நீதானே இப்பக் கூப்பிட்ட?"

"நானா? நான் வாயே தொறக்கல லா."

கோலின் மறுபடி லயத்தை நோக்கினான். "ஆள் இருக்கானுங்களா?"

"இருந்திருக்கானுங்க. கடைசி வீட்டு வாசல்ல அஞ்சு சோடி பூட்ஸ், வரிசையா கழட்டி வச்சிருக்கு. துப்பாக்கியெல்லாம் செவுத்துல சாத்தியிருக்கு. ஆளத்தான் காணோம்."

துப்பாக்கியை விட்டுவிட்டு வெறுங்காலோடு எவன் போவான்?

"வந்துடு. ஒடனே வந்துடு."

"இரு லா, ஒரு படம் எடுத்துக்கிறேன்."

பனி விலகியது. லயத்துக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். நாற்பது, ஐம்பது பேர். கையில் வாளி. யாரும் அசையவில்லை. கடைசியில் ஐந்து பேர் மட்டும் வேறு மாதிரி. பச்சைக் கால்சட்டை, வெறுங்கால்.

"சின்னையா," என்றது காதுக்குள் அந்தக் குரல்.

"இருக்கேன்யா."

"உடையப்பன்."

"இருக்கேன்யா."

"சன்னாசி."

"இருக்கேன்யா."

ஒவ்வொரு பேருக்கும் பென்சில் கீறியது. கோலின் பொத்தானை அமுக்கினான். "மச்சான், இது கேக்குதா?"

"என்னது? ஒண்ணும் கேக்கல."

"முன்னால பாரு. ஆளுங்க."

"வெறும் பனிதான் மச்சான். தூங்கிட்டியா?"

"லூயிஸ்," என்றது குரல்.

லூயிஸிடமிருந்து பதில் இல்லை. அவனுக்குத்தான் கேட்கவில்லையே! கர்த்தரே, கேட்க வேண்டாம். அந்தப் பாவிக்குக் கேட்கவே வேண்டாம்.

"லூயிஸ்."

பதில் இல்லை.

குரல் நின்றது. பென்சில் நின்றது. அத்தனை முகமும் மெதுவாகத் திரும்பின. லூயிஸ் இருந்த வீட்டைப் பார்த்து அல்ல. மேட்டைப் பார்த்து. இலைதழைக்கு அடியில் கிடந்த கோலினைப் பார்த்து. எதற்கோ காத்திருந்தார்கள்.

பிறகு முதல் ஆள் லூயிஸ் இருந்த வாசலை நோக்கி ஒரு அடி வைத்தான்.

அகதாவின் வயிறு. அகதாவின் கை. கோலின் பொத்தானை நசுக்கிக் கத்தினான். ஓடிவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான். முதலில் வந்தது பேர்.

"லூயிஸ்!"

"இருக்கேன்யா," என்றான் லூயிஸ். பழக்கம்.

பென்சில் கீறியது.

"ஐயோ, இல்ல! மச்சான்! ஓடு!"



கடைசி வீட்டிலிருந்து லூயிஸ் வெளியே வந்தான். துப்பாக்கியைச் சுவரில் சாத்தினான். படியில் உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றி ஆறாவது சோடியாக வைத்தான். யாரோ நீட்டிய வாளியை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மேட்டில் வெயில் பட்டது. கோலின் தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் கீழே பார்த்தான்.

அவனுடைய விரல்கள் அவனுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தன.