கிணற்றில் கொட்டியது என்ன?

"யாரோ கிணத்துல உப்பக் கொட்டிட்டான், ஹாஜியார்!"

காணித் தரகர் நூர்தீன் ஒரு வெற்று உப்புச் சாக்கோடு உள்ளே வந்தார். நெய்னார் ஹாஜியார் முன்னாள் பொலிஸ் சார்ஜன்ட். யுத்தம் முடிந்து காணி விலை ஏறியதிலிருந்து மதுரங்குளித் தரகர்களின் சண்டைகளைத் தீர்க்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. கதிரையைக் காட்டினார்.

"இருந்து கதைங்க."

கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில் கத்தரினா என்ற விதவையின் காணியை மஹ்மூதா டீச்சருக்கு விற்க நூர்தீன் பேசியிருந்தார். இந்தப் பக்கத்தில் காணி வாங்குகிறவர்கள் உறுதிப் பத்திரத்தைப் பார்க்குமுன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குடித்தபோது தண்ணீர் நன்றாக இருந்தது. நேற்றுச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குடித்தார். வாயில் வைக்க முடியவில்லை.

"முந்தாநாள் அந்த வேலியோரம் புரோக்கர் பத்திநாதர் நின்டத நானே கண்டேன். கிணத்தடியில இந்தச் சாக்கு கிடந்திச்சு. அவர இனி ஒரு புரோக்கரும் சேத்துக்கக் கூடாது!"

ஹாஜியாரின் கூட்டாளி ஹுனைஸ் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. அன்று மாலைக்குள் சந்தித் தேநீர்க்கடையில் பத்திநாதரின் பெயரை நாறடித்துவிட்டார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, நல்ல பெயர் ஒன்றை மட்டும் சம்பாதித்திருந்தவர் பத்திநாதர். அவர் கடைக்குள் வந்ததும் மேசையிலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். அவர் தனியாக இருந்து தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஹாஜியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே உட்கல்லெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, கல்லோடு கல்லாய் இறுகியிருந்தது. மணலில் கனமான வண்டியொன்றின் தடம், வந்தது ஆழமாகவும் திரும்பியது மேலோட்டமாகவும் தெரிந்தது. கத்தரினா தேநீர் போட, கைபிடி உடைந்து கயிறு கட்டிய பழைய பிளாஸ்டிக் கான் ஒன்றிலிருந்து தண்ணீர் ஊற்றினார். சுவரோரம் அதே மாதிரி இன்னும் பல கான்கள் இருந்தன.

பின்னேரம் ஹாஜியார் எல்லோரையும் கிணற்றடிக்கு அழைத்தார்.

"ஒரு சாக்கு உப்புக் கொண்டுவர சைக்கிள் போதும்," என்றார் ஹாஜியார். "இங்க பாரமா வந்து வெறுமையாப் போனது தண்ணி ஏத்துற பவுசர் லொறி. கல்லுல பூத்த உப்பு ரெண்டு நாளையில் வராது. கத்தரினாவும் கனகாலமாக் கான் தண்ணியிலதான் சமைக்கிறா. இந்தக் கிணறு எப்பவும் உப்புத்தான். யாரும் உப்புக் கொட்டல்ல. நல்ல தண்ணியத்தான் கொட்டியிருக்கு, ஞாயிற்றுக்கிழமைக்காக."

கத்தரினா முகத்தைப் பொத்திக்கொண்டார். "நூர்தீன் ஐயாதான் கிணத்த இறைச்சுப்போட்டு பவுசர் கொண்டுவந்தவர். எனக்கும் வித்தாப் போதும் எண்டு இருந்திச்சு."

"இது உப்புக் கிணறுண்டு உங்களுக்குத் தெரியும்தானே, ஏன் சொல்லல்ல?" ஹுனைஸ் பத்திநாதரிடம் கேட்டார்.

"இன்னொரு தரகர் பேசுற காணியக் குறை சொல்லுறது எங்கட தொழிலுக்கு முறையில்லை. அதுக்காக டீச்சர ஏமாற விடவும் மனம் வரேல்ல. 'இன்னொருக்கா வந்து குடிச்சுப் பாருங்கோ' எண்டு மட்டும் சொன்னனான்."

ஹாஜியார் நூர்தீனின் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்ட தண்டனதான் சரி. ஆள் மட்டும்தான் மாறுது."

மஹ்மூதா டீச்சர் நூர்தீனிடம் மெல்லக் கேட்டார்:

"நானா, தொண்ணூறில மன்னாரால அகதியா வந்து ஒரே முகாமுலதானே இருந்தோம்? தண்ணி வரிசையில உங்கட உம்மாவுக்குப் பின்னால என்ட உம்மா நிப்பா. அந்தக் கான் தூக்கின கஷ்டத்தையா எனக்கு விக்கப் பாத்தீங்க?"

நூர்தீன் கிணற்றுக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஹுனைஸ் பத்திநாதரின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிருங்க, அண்ணன்."

"இங்க மட்டும் கேட்டாக் காணாது," என்றார் ஹாஜியார். "எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

தேநீர்க்கடை நிறைந்திருந்தது. பத்திநாதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹுனைஸ் உரக்கச் சொன்னார்: "இவரப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய்."

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போனவர்கள்தானே எல்லோரும். பத்திநாதர் தன் வழக்கமான மேசையில் அமர்ந்தார். எதிரே உட்கார வெட்கப்பட்டு ஹுனைஸ் நின்றுகொண்டே இருந்தார்.

பத்திநாதர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். "இரும் தம்பி. தேத்தண்ணி ஆறுது."

அப்போதுதான் ஹுனைஸுக்கு அழுகை வந்தது.