எட்டுக்கரு

மனித குலம் இயந்திரச் சுமையிலிருந்து விடுதலை பெற்ற பொற்காலம் இது என்று வரலாறு எழுதும். சுமை எங்கே போனது என்பதை மட்டும் எழுதாது. வயிற்றுக்குள் போயிற்று.

பேராசிரியர் அறவாழி கடையில் தூக்கிப் பார்த்த மடிக்கணினி அப்பளக் கனம்தான் இருந்தது. நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

"செயலி எங்கம்மா?"

விற்பனைப் பெண் ஜெனிட்டா ஒரு கோப்பையை நீட்டினாள். பழுப்பாக ஏதோ நுரைத்தது.

"இதான் சார் குடற்செயலி. கணக்குப் போடுற கிருமிங்க. குடிச்சா குடல்ல தங்கிடும். உங்க சாப்பாடுதான் அதுக்குக் கரண்டு. கோப்பெல்லாம் அதுங்ககிட்டதான் இருக்கும். தகடு வெறும் திரை."

"நாறுதே!"

"எட்டுக்கரு சார், ஆக்டா கோர். நாலுகரு நாறாது, ஆனா நகராது."

அறவாழிக்குத் துணைவேந்தர் நாற்காலி வேண்டும். போட்டியாளரோ செங்கல் கனத்தில் பழைய கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறவர். அந்த ஆள் முன்னால் பையிலிருந்து தகட்டை உருவுவதை நினைத்துப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டுக்கருவைக் குடித்தார்.

நேர்காணல் உரைக்குத் தலைப்பு 'தமிழர் வாழ்வில் தூய்மை'. ஒரு பத்தி அடித்தால் வயிறு கடமுடவென்றது. படம் சேர்த்தால் புளித்த ஏப்பம். மனைவி செங்கமலம் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க சேமிக்கிறது கீழ் வீடு வரைக்கும் தெரியுது."

நேர்காணலன்று கோட்டுப் பித்தான் மாட்டவில்லை. உள்ளே எட்டுக்கரு உப்பிக் கிடந்தது. நல்ல காரியத்துக்குப் போகையில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று செங்கமலம் விளக்கெண்ணெய் கொடுத்தாள். கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது.

காத்திருப்பு அறையில் தகட்டை விரித்தார். 'செயலி இல்லை' என்றது. உடனே ஜெனிட்டாவை அழைத்தார்.

"காலையில பேதிக்கு ஏதாவது எடுத்தீங்களா சார்?"

"விளக்கெண்ணெய்," என்றார் அறவாழி.

"பதறாதீங்க. காப்புப் பிரதி இருக்கு. உங்க குடியிருப்புக் கழிவுத் தொட்டியில எங்க சேகரிப்பான் போட்டிருக்கோம். வடிகட்டி அனுப்பிடறேன்."

"அனுப்பி?"

"குடிக்கணும் சார். வேற எப்படி ஏத்துறது?"

பறப்பான் கொண்டுவந்து போட்ட சீசா வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே போட்டியாளர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவது கேட்டது. அறவாழி சுழல்விளக்குக் காரை நினைத்துக்கொண்டார். துணைவேந்தர் மாளிகையை நினைத்துக்கொண்டார். இரண்டு மூச்சில் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பையிலிருந்து தகட்டை உருவியதும் தேர்வுக்குழுவே "ஆகா" என்றது.

"தமிழர் வாழ்வில் தூய்மை," என்று கம்பீரமாக அறிவித்துத் திரையைத் தொட்டார்.

மூன்றாம் மாடி நடேசன் வீட்டுக் காதுகுத்துப் படங்கள் வரிசையாக வந்தன. பின்னாலேயே இரண்டாம் மாடி அம்மாளின் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கை வந்தது.

அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் தொட்டி ஒன்றுதான்.