புதுத்துறையில் நடக்கத் தெரிந்தவன்

அமலி வேலை முடிந்து வீட்டுக்குப் பறந்து வந்தாள்.

டைட்டனில் எல்லோரும் அப்படித்தான் வீடு திரும்புவார்கள். சனிக்கோளைச் சுற்றும் அந்த நிலவில் மனிதருக்கு இருப்பது பூமி எடையில் ஏழில் ஒரு பங்குதான். காற்றோ பூமிக் காற்றைவிட நாலு மடங்கு அடர்த்தி. இரண்டு கைகளிலும் சிறகைக் கட்டிக்கொண்டு நாலு வீச்சு வீசினால் ஆள் மேலே போய்விடலாம். கிராக்கன் கடலோரம் இருந்த புதுத்துறைக் குடியேற்றத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெண்கள் கீரை வாங்கப் போவதும், கல்யாண ஊர்வலம் கிளம்புவதும் ஆகாயத்தில்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பது டிகிரிக் குளிர் என்பதால் மேலுக்குச் சூட்டுடையும் முதுகில் மூச்சு உருளையும் வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவது போல அதுவும் பழகிப்போன விஷயம்.

காற்றுப்பூட்டு அறையில் சிறகைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்தவள், கூடத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். அவள் புருஷன் சூசை ஓடிக்கொண்டிருந்தான். இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். கண்ணில் காட்சிக்கவசம், காலடியில் எந்தப் பக்கமும் உருளும் தளம், உடம்பில் எடையுடை. எடையுடையின் நார்கள் தோளிலிருந்து குதிகால் வரை இழுத்துப் பிடித்து, பூமியில் நிற்பவனுக்கு உள்ள பாரம் அத்தனையையும் ஆளின் மேல் ஏற்றிவிடும். வேர்வை அவன் தாடையில் உருண்டு, டைட்டன் வழக்கப்படி அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“சாப்பிட்டியளா?”

“இந்தா, இந்தத் தெருவைத் தாண்டிட்டேன்னா வந்துருவேன்ளா.”

“காலையிலயும் இதைத்தான சொன்னிய.”

அவன் விளையாடிய விளையாட்டுக்குத் ‘தரைவாசி’ என்று பெயர். பூமியில் செய்து அனுப்பியது. அதில் எதிரி கிடையாது, புதையல் கிடையாது. ஒரு பழைய கடலோரப் பட்டணம், அவ்வளவுதான். அதில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். போவதுதான் ஆட்டம். ஓடுகிற டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொற்றலாம். அது நிற்கும் முன்பே குதித்து, அந்த வேகம் குறையாமல் ஓடி, காம்பவுண்டுச் சுவரில் ஒரு கால் வைத்து எழும்பி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து மொட்டைமாடிக்கு ஏறலாம். காயப்போட்ட சேலைகளுக்கு இடையே புகுந்து, மாடிவிட்டு மாடி தாவி, ஏணியில் சறுக்கி, கடற்கரை மணலில் போய் விழலாம். சூசை ஆரம்பத்தில் பஸ் படிக்கட்டிலேயே பத்து நாள் விழுந்தான். பிறகு அவன் கால் ஒரு நெளிவைக் கண்டுபிடித்துவிட்டது. நிற்காதவரை விழமாட்டோம் என்பது அவன் உடம்புக்குப் புரிந்துபோயிற்று.

அமலிக்குத்தான் எதுவும் புரியவில்லை. ஊரே பஞ்சாகப் பறக்கிறது, இந்த மனுசன் மட்டும் பாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் ஓடுகிறான். பயிர்க்கூடத்தில் வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதே பிழைப்பு. பக்கத்து வீட்டுக்காரிகள், “சூசை அண்ணன் இன்னைக்கும் தரையிலதானா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். டைட்டனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கால் என்பது பறந்து வந்து இறங்கும்போது ஊன்றிக்கொள்ள உள்ள ஒரு உறுப்பு. முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருக்கும். சூசையின் கால்களோ நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போயின. அமலிக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த வாரம் அவளுக்குக் கடலோரமாகத் தள்ளியிருந்த ஒரு மேட்டில் வேலை வந்தது. கடலிலிருந்து மீத்தேனை இறைத்து ஊருக்கு அனுப்பும் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. போகும்போது வானம் எப்போதும் போல ஆரஞ்சுப் புகையாக, அசைவில்லாமல் இருந்தது. வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் பாதி தூரம் வந்திருப்பாள். வடக்கே ஒரு கறுப்புத் திரை எழும்பி வந்தது.

டைட்டனில் மழை அபூர்வம். ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை என்பார்கள். தண்ணீர் மழை அல்ல, மீத்தேன் மழை. கோலிக்குண்டு அளவுத் துளிகள் மிதந்து மிதந்து இறங்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் வரும் காற்றுதான் ஆபத்து. எடை குறைந்த ஊரில், அத்தனை கனமான காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் சிறகு கட்டிய ஆள் சருகுக்குச் சமம். அமலி இரண்டு முறை கரணமடித்தாள். மூன்றாவது முறை பனிப்பாறை ஒன்றில் மோதி, அப்படியே ஒரு வறண்ட ஓடைக்குள் சரிந்தாள்.

கண் விழித்தபோது இடது தோள் கழன்றிருந்தது. சிறகு முறிந்திருந்தது. சூட்டுடையின் இரண்டு மின்கலங்களில் ஒன்று செத்துக் கிடந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் நடுங்கி மடங்கியது. காற்றுப்பூட்டிலிருந்து கட்டில்வரை மட்டுமே நடந்து பழகிய கால்கள் அவை. ஓடையின் கரை இரண்டு ஆள் உயரம்தான். சிறகு இருந்தால் ஒரு வீச்சு.

காதுக்குள் மீட்புக்குழுத் தலைவி தெரசம்மாளின் குரல் கேட்டது. “அமலி, நீ கெடக்கிற எடம் தெரியுதும்மா. ஆனா இந்தக் காத்துல யாரையும் ஏத்திவிட முடியல. சக்கர வண்டியைக் கொண்டுபோனோம், சகதியில எறங்கிப் புதைஞ்சிருச்சு. மழை விடட்டும். தைரியமா இரி.”

அமலி மின்கலத்தைப் பார்த்தாள். மழை விடும்வரை அது தாங்காது. ஓடையின் மேல்பக்கம் ஏதோ சலசலத்தது. வறண்ட ஓடை நனையத் தொடங்கியிருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. அழுகை வரவில்லை. வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த பாசிப்பயறு புளித்துப்போகுமே என்றுதான் முதலில் தோன்றியது.

அப்போது காதுக்குள் இன்னொரு குரல், மூச்சிரைப்புடன்.

“ஏளா, அமலி. கேக்குதா?”

“என்னங்க! எங்க இருக்கிய?”

“வந்துக்கிட்டு இருக்கேன்.”

“வண்டிதான் புதைஞ்சு போச்சாமே. எதுல வாரிய?”

“கால்ல.”

அமலிக்குத் தன் காது கெட்டுவிட்டதோ என்று சந்தேகம். “கால்லயா?”

“ஆமாளா. நீ பேசிக்கிட்டே இரி. தூங்கிராத.”

எவ்வளவு நேரம் பேசினாள், என்ன பேசினாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. குளிர் விரல்களிலிருந்து முழங்கைக்கு ஏறியது நினைவிருந்தது. பிறகு ஆரஞ்சு மங்கலுக்குள் தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்ததும் நினைவிருந்தது. பறக்கிற விளக்காக இருந்தால் நேராக வரும். இது எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. பக்கத்தில் வந்தபோதுதான் அவள் புருஷன் வருவதைப் பார்த்தாள்.

அப்படி ஒரு மனிதன் நகர்ந்து அவள் பார்த்ததில்லை. பாறையை மிதித்த வேகத்தில் அடுத்த பாறை, அதிலிருந்து அடுத்தது. பூமி எடைக்குப் பழகிய கால்கள் டைட்டனில் அவனை வீடு உயரத்துக்கு எறிந்தன. காற்று தள்ளியபோது அவன் எதிர்க்கவில்லை. சாய்ந்துகொடுத்து, அந்தத் தள்ளலையே அடுத்த அடிக்கு எடுத்துக்கொண்டான். ஓடைக்கரையின் ஒரு சுவரில் கால் வைத்து, எதிர்ச்சுவரில் மறுகால் வைத்து, சறுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். இத்தனைக்கும் எந்த இடத்திலும் அவன் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

“தோளா?”

“ம். இடது.”

“வலது கையால கழுத்தைப் பிடிச்சுக்கோ. விட்டுராத.”

தன் உடையின் சூட்டுக் குழாயை அவள் உடையோடு இணைத்தான். அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். வெதுவெதுப்பு அவள் மார்பில் இறங்கியது. மேலேயிருந்து மீத்தேன் வெள்ளம் சுருண்டு வந்தபோது அவர்கள் இருவரும் கரைமேல் இருந்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் அவன் தனக்குத்தானே முணுமுணுத்தான். அவள் காதுக்குள் அது தெளிவாகக் கேட்டது. “இது மீன் மார்க்கெட்டு மதில்... ஒரு எம்பு. இந்தா, தபாலாபீஸ் மாடி. இது வழுக்கும், ஓரமாப் போவோம். அடுத்து பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால உள்ள சந்து...” அவள் கண்ணுக்குத் தெரிந்தது பனிப்பாறையும் தார்ச்சேறும்தான். ஆனால் அவன் முதுகின் ஏற்ற இறக்கத்தில், கொஞ்ச நேரத்தில், அவளுக்கும் ஒரு பட்டணம் தெரிய ஆரம்பித்தது. வலி இருந்தது, பயம் இருந்தது. அதற்குள்ளேயும், தாலாட்டுவது போலிருந்த அந்த ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்றிருந்தது.

மீட்புக்குழுவின் கூடத்துக்குள் வந்ததும் தெரசம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். “ஏன்யா, எங்கய்யா படிச்ச இதை?” என்றாள். சூசை கூச்சத்தோடு நெளிந்தான்.

தோள் கட்டோடு வீடு திரும்பிய அமலி செய்த முதல் காரியம், எண்ணெயைச் சுடவைத்து அவன் கெண்டைக்கால்களில் தேய்த்துவிட்டது. ஒற்றைக் கையால் தேய்த்தாள். கல் மாதிரி இருந்தன. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத கால்கள்.

“கூசுதுளா.”

“சும்மா இரிங்க. சாமிக்கு மெழுகுவர்த்தி ஏத்துனா நீங்க வேண்டாம்பியளா?”

அவளுக்கு அதோடு மனம் அடங்கவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் ஒளிப்பதிவுக் கண்ணின் முன் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொல்லி, “நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. உங்களாலதான் நான் இன்னைக்கு எம்புருசன் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் உங்க பிள்ளைகுட்டிகளும் நல்லா இருக்கணும்” என்று முடித்தாள்.

மறுநாள் பதில் வந்தது. திரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சாய்வு நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே இருந்தாள். பெயர் நிலோபர், ஊர் கோயமுத்தூர் என்றாள். கண் கலங்கியிருந்தது.

“அக்கா, நீங்க பேசினதை நாங்க எல்லாருமே நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தோமுங்க. தரைவாசிக்கு இப்படி ஒரு நன்றி வரும்னு நாங்க நெனைக்கவே இல்லைங்க. உண்மையைச் சொல்றேனே, பூமியில அது ஓடவே இல்லைங்க. தெருவுல நடக்கறதுக்கு யாருங்க விளையாட்டு வாங்குவாங்க? உங்க டைட்டன்ல இருந்து ஒரே ஒருத்தர்தான் வாங்கியிருந்தாரு. அது உங்க வீட்டுக்காரர்னு இப்பத்தான் தெரியுதுங்க.”

சூசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“அந்தப் பட்டணத்துல நானும் கால் வச்சதில்லைங்க. பழைய படங்களை வச்சே செஞ்சோம். எங்க வீட்டு வாசல்லயே வாய்க்கால் கரை இருக்குதுங்க, ரெண்டு பக்கமும் வேப்பமரம். டாக்டர் தெனமும் நடங்கன்னு ஏசறாரு. எங்கீங்க நேரம்? இங்க எல்லாரும் விளையாடறது எங்களோட இன்னொரு ஆட்டமுங்க. ‘ஆரஞ்சு வானம்’னு பேரு. உங்க ஊர்தானுங்க அது! உங்க கிராக்கன் கடலுக்கு மேல பறக்கறது. எங்கம்மா அதை விட்டு எந்திரிக்கறதே இல்லைங்க. தோள் சரியாகற வரைக்கும் நீங்க பறக்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல, அதனால உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கறனுங்க. எங்க அன்புக்கு.”

அமலி அந்தச் செய்தியை மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி, இத்தனை கோடி மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, தான் பறக்க முடியாமல் இருப்பதை நினைத்துப் பார்த்திருக்கிறாளே.

அன்றைக்கே காட்சிக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கையை அசைக்கக்கூட வேண்டாம், விரலைச் சாய்த்தால் போதும். கடல் பொன்னாகக் கிடந்தது. நிஜக் கடலைவிட ஒரு பிடி அதிகப் பொன். குளிர் இல்லை, மூச்சு உருளையின் கனம் இல்லை, காற்று எப்போதும் முதுகுப் பக்கமிருந்தே வீசியது. நிஜத்தில் புகைக்குள் மறைந்தே இருக்கும் சனிக்கோள் அங்கே வளையத்தோடு பளிச்சென்று தொங்கியது. தோள் வலி தெரியாமல் அவள் பறந்தாள். நிலோபருக்குத் தினமும் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

தோள் கூடிவந்தது. மருத்துவர் கட்டைப் பிரித்து, சிறகு கட்டலாம், பறந்தால்தான் தசை திரும்பும் என்றார். மழைக்காற்றும் ஓய்ந்து வெகு நாளாகிவிட்டது. ஊரில் ஏழெட்டுப் பேர் சூசையிடம் நடை கற்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அவன் உள்ளே வந்தான், சூட்டுடையைக்கூடக் கழற்றாமல்.

“ஏளா, வெளிய வந்து பாரேன். மழை பேஞ்சதுல கடல் ரெண்டு மடங்கு விரிஞ்சு கெடக்கு. எல்லாரும் மேல சுத்துறாவ. உஞ்சிறகை நானே கட்டிவிடுதேன், வா.”

“வாரேங்க.”

“எப்ப?”

காட்சிக்கவசத்தோடு சாய்வு நாற்காலியில் கிடந்த அமலி விரலை மெல்லச் சாய்த்தாள். முகமெல்லாம் நிறைவு.

“இந்தா, இந்தக் கடலைத் தாண்டிட்டு வந்துருதேன். நீங்க போய்க்கிட்டு இரிங்க.”