எட்டு வால்வுகளின் சாட்சி

போன் அடித்தது.

அன்று காலையில் அது ஏழாவது தடவை. வால்வு அக்கா எடுக்கவில்லை. மாமியார்தான்... என்ன சொல்வாள் என்பதும் தெரியும்.

எட்டாவது தடவை எடுத்தாள்.

"உன்னாலதான் செத்தான் என் புள்ள. உன்கூட வாழப் பிடிக்காமத்தானே காருக்குள்ள போய் உட்கார்ந்தான்? போலீஸ்ல இன்னிக்குத் தற்கொலைன்னு எழுதட்டும். அதுக்கப்புறம் பேத்தி என்கூடத்தான். என் வாசல்ல வந்து நிக்காதே."

"அவ சாப்பிட்டாளா அத்தை?"

மாமியார் போனை வைத்துவிட்டிருந்தாள்.

வால்வு அக்கா அழவில்லை. கணவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே... நான்கு நாட்களாக அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

பட்டறையை நடத்தியது கணவன். இன்ஜினைப் பிரித்து வால்வு தேய்ப்பது அவள். 'பொம்பளை வால்வு தேய்க்கிறாளாம்' என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு வண்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள். பெயரே வால்வு அக்கா என்றாகிவிட்டது.

ஷெட்டின் நடுவில் நின்றது அந்த வெள்ளைக் கார். அதற்குள்தான் அவனைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

பக்கத்தில், ஒரு கால் ஆடும் ஸ்டூலில் இன்ஸ்பெக்டர்.

"பன்னிரண்டு மணிக்கு நான் ஃபைலை மூடணும்மா. பூட்டின ஷெட்டு. காருக்குள்ள உங்க வீட்டுக்காரர். ரத்தத்துல புகை விஷம். இதுல இன்னும் என்ன பாக்கி?"

"இன்ஜின் பாக்கி சார்."

"அதுக்கு என்ன?"

"அன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்குத்தான் வால்வு வேலை முடிச்சு இன்ஜினோட மேல்மூடி, அந்த ஹெட்டை ஏத்தினேன். பொண்ணைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போய், அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன். ஹெட் ஏத்தின அன்னிக்கு நாங்க வண்டியை ஸ்டார்ட் பண்ண மாட்டோம். மறுநாள் காலையில போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கி, வால்வு இடைவெளி பார்த்துட்டுத்தான் சாவியைத் தொடுவோம். அவர் போட்ட சட்டம்."

"சாகப் போறவன் சட்டமா பார்ப்பான்?"

"இவர் பார்ப்பார். சாகறதுன்னா பக்கத்து வண்டியில உட்கார்ந்திருப்பார்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பிரிச்சுக் காட்டுங்க. நான் கண்ணை எடுக்க மாட்டேன்."

அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

பின்பக்க பெயின்ட் அறையிலிருந்து கொழுந்தன் வந்தான். கணவனின் ஒரே தம்பி. வண்டிக்கு வர்ணம் அடிப்பவன். பானெட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கீழே இருப்பது அவனுக்கு இருட்டு.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்? செத்தவனை நிம்மதியா விடக் கூடாதா?"

"நீங்கதானே முதல்ல பார்த்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். சாயங்காலம் ஆறு மணி. ஷெட்டை என்கிட்ட இருக்குற சாவியால திறந்தா உள்ளே ஒரே புகை. இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு. நான்தான் கையை விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்."

"எவ்வளவு நேரமா ஓடியிருக்கும்?"

"நாலு மணியிலேருந்தே சத்தம் கேட்டுச்சு சார். அண்ணன் டெஸ்ட் பண்றான்னு நெனைச்சு விட்டுட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. ஓரத்து போல்ட்டிலிருந்து நடு போல்ட்டுக்கு... ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். ஒரு மணி நேரம் போனது. ஹெட்டைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்துப் போட்டாள்.

எட்டு வால்வுகள். எட்டு நாணயங்கள் மாதிரி பளபளவென்று.

ஒவ்வொன்றின் முகத்திலும் நீல மையில் ஓர் எண். ஒன்று, இரண்டு... எட்டு வரை.

"இது என்னம்மா, ஹோம்வொர்க்கா?"

"என் எழுத்துதான் சார். ஒவ்வொரு வால்வும் அதது பள்ளத்துல, சீட்டுல, தேய்ச்சு உட்கார்ந்தது. இடம் மாறினா கசியும். அதனால தேய்ச்சு முடிச்சதும் மார்க்கர்ல நம்பர் போட்டுடுவேன்."

"இன்ஜின் ஓடினா இது என்ன ஆகும்?"

"உள்ளே எரியறது நெருப்பு சார். மை கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. மேலே கரி படியும். ரெண்டு மணி நேரம் ஓடினதுன்னா நீங்க நம்பரைத் தேடணும்."

ஸ்பிரிங்கை அழுத்தி மூன்றாம் வால்வை உருவினாள். விளிம்பில் தேய்த்த சாம்பல் நிற வளையம் புதிதாக இருந்தது. தண்டில் அவள் தடவிய எண்ணெய், தேன் நிறத்தில்.

இன்ஸ்பெக்டர் குனிந்து மை எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

"சரி சார்... ஓடலைன்னே வெச்சுக்குவோம். அப்போ இது கொலை. அந்த வண்டியைக் கடைசியா தொட்டது யாரு? அண்ணிதானே?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். நேராக அவளிடம் வந்தார்.

"நியாயமாத்தான் பேசறார். என்னம்மா சொல்றீங்க?"

அவள் கையை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த விலங்கு மாட்டினால் மகள் போய்விடுவாள். அது தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை.

"இந்த இன்ஜினைப் பிரிச்சா என் நம்பர் இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். அதுல நான் எதுக்கு அவரை உட்கார வைக்கணும்? ஓடுற வண்டி இதே ஷெட்டுல மூணு நின்னுச்சு. பானெட் மூடியிருந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்கதான் இதை எடுப்பாங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"ஏண்டா... ஸ்டார்ட்டே ஆகாத வண்டியோட சத்தம் ரெண்டு மணி நேரம் உன் காதுல மட்டும் எப்படிடா கேட்டுச்சு?"

கொழுந்தன் கதவைப் பார்த்தான். கதவருகே கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

அவனுக்கு விலங்கு மாட்டிய பிறகு எல்லாம் தானாக வந்தது.

"நான் திருட்டு வண்டிக்கு நிறம் மாத்தறதை அண்ணன் பார்த்துட்டான் சார். ஸ்டேஷனுக்குப் போறேன்னான்... மதியம் சாப்பிட்டுட்டு பின்னாடி ரூம்ல தூங்குவான். ஜெனரேட்டரை உள்ளே வெச்சு ஓட விட்டுக் கதவைச் சாத்திட்டேன். அப்புறம் தூக்கிட்டு வந்து கார்ல உட்கார வெச்சேன்."

வால்வு அக்கா அவனைப் பார்த்தாள். கோபம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. மூன்றாம் வால்வைத் துணியில் சுற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். கையைக் கழுவினாள்.

"சார், போற வழியில மாமியார் வீட்டுல நிறுத்துவீங்களா? பொண்ணைக் கூட்டிட்டு வரணும். நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. இவரை விலங்கோட நேர்ல பார்க்கட்டும்."

"ஏறுங்க."

ஜீப் மூன்றாவது முயற்சியில்தான் கிளம்பியது. இருமியது... குலுங்கியது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஒரு வால்வு கருகியிருக்கு சார்."

"வீடு வரைக்கும் போகுமா?"

"போகும்."

"நடுவழியில நின்னுட்டா?"

வால்வு அக்கா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொழுந்தனார் இறங்கித் தள்ளட்டும். விலங்கை முன்னாடிதானே சார் மாட்டியிருக்கீங்க?"